அத்தியாயம் 7: வெட்டித் தாழ்த்திய கார்களைக் கையால் வரைதல்

தென் கலிஃபோர்னியாவின் காய்ந்த ஏரிப் படுகைகளில் 1930களிலேயே இளைஞர்கள் பழைய ஃபோர்டு கார்களை ஓட்டி வேகம் பார்க்கத் தொடங்கிவிட்டார்கள். அந்த ஓட்டங்களுக்கு நேரம் குறிப்பதற்கென்றே 1937இல் சதர்ன் கலிஃபோர்னியா டைமிங் அசோசியேஷன் என்ற சங்கம் உருவானது. மட்கார்டுகளைக் கழற்றினால் எடை குறையும். கூரையைத் தாழ்த்தினால் காற்றின் தடை குறையும். வேகத்துக்காகச் செய்த இந்த வேலைகள் இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அழகுக்காகவும் செய்யப்பட்டன. ஹாட் ராட், கஸ்டம் என்று இன்று நாம் வரைய ஆசைப்படும் கார்கள் அப்படிப் பிறந்தவை.

ஆகவே இந்தக் கார் ஒவ்வொன்றுக்குள்ளும் தொழிற்சாலையிலிருந்து வந்த வேறொரு கார் இருக்கிறது. எங்கே வெட்டினார்கள், எவ்வளவு எடுத்தார்கள், எதைக் கொண்டு மூடினார்கள் என்பதைப் பார்வையாளர் உணரும்படி வரைவதுதான் இந்தக் கலை. புகைப்படத்தில் தெரியும் முடிந்துபோன வடிவத்தை அப்படியே நகலெடுப்பவருக்கு அது ஒருநாளும் கைவராது. ஒரிஜினல் காரை முதலில் வரைந்து, டிங்கரிங் பட்டறையில் தகரத்தை வெட்டிய அதே வரிசையில் தாளிலும் வெட்ட வேண்டும். இந்த அத்தியாயத்தின் பயிற்சிகள் எல்லாம் இந்த ஒன்றைப் பற்றியவைதான்.

தாளும் அளவும்

ஏ3 தாள், எச்பி, 2பி பென்சில்கள், நீள்வட்ட டெம்ப்ளேட் ஒரு செட், ஃபிரெஞ்ச் கர்வ், சாம்பல் நிற மார்க்கர் இரண்டு மூன்று, வண்ணப் பென்சில்கள். எல்லாவற்றையும்விட அதிகமாக வாங்க வேண்டியது டிரேசிங் பேப்பர். வரைபலகைக்கு அடுத்தபடி நீங்கள் நம்பி இருக்கப் போவது அதைத்தான். ஸ்கேல் தரைக்கோட்டுக்கும் அச்சுக்கோட்டுக்கும் மட்டும் போதும். உடலின் கோடுகளை ஸ்கேல் வைத்து வரைந்தால் கார் விறைத்துப்போகும். பழைய கார்களில் நேராகத் தெரியும் கோடுகூட மெல்ல வளைந்துதான் இருக்கும்.

அளவுக்கு ஓர் எளிய வழி: நிஜக் காரின் 1 அடி தாளில் 1 அங்குலம். முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையிலான தூரத்தை வீல்பேஸ் என்கிறோம். 1932 ஃபோர்டுக்கு அது 106 அங்குலம். தாளில் ஏறத்தாழ 224 மில்லிமீட்டர் வரும். ஏ3 தாளில் கார் முழுவதும் அடங்கும். 1949 மெர்க்குரிக்கு வீல்பேஸ் 118 அங்குலம், மொத்த நீளம் 17 அடிக்கும் மேல். அதற்கு ஏ3 போதாது, இரண்டு தாள்களை ஒட்டிக்கொள்ளுங்கள். இந்த அளவுமுறையின் பெரிய வசதி வெட்டும்போது தெரியும்: கூரையில் 3 அங்குலம் எடுத்தார்கள் என்றால் தாளில் கால் அங்குலம் எடுக்கிறீர்கள். குத்துமதிப்பு தேவைப்படாது.

பார்த்து வரைவதற்குப் புகைப்படம் தேர்ந்தெடுக்கும்போது கவனம் வேண்டும். கைப்பேசியை அருகில் பிடித்து எடுத்த படத்தில் காரின் மூக்கு பெருத்து, பின்பாகம் சுருங்கியிருக்கும். அதை அளவுக்கு ஆதாரமாகக் கொண்டால் பிழை கடைசிவரை தொடரும். தூரத்தில் நின்று ஜூம் செய்து எடுத்த பக்கவாட்டுப் படமே அளவெடுக்க உதவும். 1:24 அல்லது 1:25 அளவுள்ள மாடல் கார் ஒன்று கிடைத்தால் அது நூறு படங்களுக்குச் சமம். அதை மேசைமேல் வைத்து, மேசையிலிருந்து இரண்டரை அல்லது மூன்று அங்குல உயரத்தில் கண்ணையோ கேமராவையோ வைத்துப் பாருங்கள். நிற்கும் ஒரு மனிதர் நிஜக் காரைப் பார்க்கும் உயரம் அதுதான். உயரத்திலிருந்து பார்த்தால் அது பொம்மையாகவே தெரியும். பழைய காரின் தகடு எப்படி வளைந்து ஒளியைத் திருப்புகிறது என்று நேரில் காண விரும்புகிறவர்கள் கோயம்புத்தூரில் உள்ள ஜீடீ கார் அருங்காட்சியகத்துக்கு ஒருமுறை போய், கையில் சின்ன வரைபுத்தகத்தோடு அரைநாள் செலவிடலாம். அங்கே இருப்பவை வெட்டாத ஒரிஜினல்கள். நமக்கு முதலில் வேண்டியவையும் அவையே.

முதல் கார்: 1932 ஃபோர்டு

தொடங்க இதைவிட நல்ல கார் இல்லை. ஃபோர்டின் வி8 எஞ்சின் முதன்முதலில் வந்தது இந்த ஆண்டில்தான். 221 கன அங்குலம், 65 குதிரைத்திறன். மலிவான காரில் வி8 கிடைத்ததால் வேகப் பித்தர்கள் இதைப் பிடித்துக்கொண்டார்கள். வரைகிறவருக்கு இது பிடிக்கக் காரணம் வேறு. இதன் பாகங்கள் தனித்தனியாகத் தெரியும். கிரில் கூடு, பானட், கண்ணாடிக்கு முன்னுள்ள கௌல் பகுதி, கதவு, பின்பாகம் என ஒவ்வொன்றும் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று பார்த்த மாத்திரத்தில் புரியும்.

தரைக்கோடு போடுங்கள். 224 மில்லிமீட்டர் இடைவெளியில் இரண்டு அச்சுப் புள்ளிகள். முதலில் டயர்களை வரையுங்கள், உடலை அல்ல. டயர்தான் இந்தப் படத்தின் அளவுகோல். தொழிற்சாலையிலிருந்து வந்த காரில் இரண்டு அச்சுகளுக்கும் இடையே ஏறத்தாழ மூன்றே முக்கால் டயர்கள் அடங்கும். கூரையின் உயரம், பானட்டின் நீளம், கதவின் அகலம் எல்லாவற்றையும் டயரோடு ஒப்பிட்டுக் குறித்துக்கொண்ட பிறகே கோடு இழுங்கள். மட்கார்டு, பம்பர், படிப்பலகை உட்பட முழுக் காரையும் வரைந்து முடியுங்கள்.

இனி டிரேசிங் பேப்பரை மேலே வையுங்கள். மட்கார்டுகளையும் படிப்பலகையையும் விட்டுவிட்டு மற்றவற்றை மட்டும் எடுங்கள். உடல் சட்டத்தின்மேல் பழைய உயரத்திலேயே நிற்கிறது. இதை ஹைபாய் என்பார்கள். மட்கார்டு போனதும் இதுவரை மறைந்திருந்த உறுப்புகள் எல்லாம் வெளியே வந்துவிடும்: முன் அச்சு, அதைச் சட்டத்தோடு பிணைக்கும் தண்டுகள், ஸ்டியரிங் இணைப்பு, பின்னால் பெட்ரோல் டாங்க். 1932 ஃபோர்டின் சட்டத்தில் பக்கவாட்டில் அழுத்திப் பதித்த ஒரு நீண்ட வரி உண்டு. அதை விட்டுவிட்டால் காரை அறிந்தவர்கள் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள். மூன்று ஜன்னல் கூப்பேயின் கதவு பின்பக்கக் கீலில் திறக்கும், ஐந்து ஜன்னல் கூப்பேயின் கதவு முன்பக்கக் கீலில் திறக்கும். கீல் எந்தப் பக்கம், கைப்பிடி எந்தப் பக்கம் என்று பார்த்துப் போடுங்கள்.

பின் டயரைப் பெரிதாக்கி முன் டயரைச் சிறிதாக்குங்கள். பின்னால் 32 அங்குல உயரமும் முன்னால் 26 அங்குல உயரமும் பழைய பாணிக்குப் பொருந்தும். தாளில் 68, 55 மில்லிமீட்டர். டயர்களை மாற்றியவுடன் சட்டம் முன்னோக்கிச் சாயும். அந்தச் சாய்வைக் கண்ணால் ஊகிக்காமல், இரண்டு அச்சுப் புள்ளிகளின் புதிய உயரத்திலிருந்து சட்டத்தின் கோட்டை இழுங்கள். நிற்கும்போதே பாயத் தயாராக இருப்பது போன்ற தோற்றம் அந்த ஒரு கோட்டிலிருந்துதான் வருகிறது.

கூரையை வெட்டுதல்

கூரைத் தூண்களில் குறுக்கே ஒரு துண்டை எடுத்துவிட்டு மீதியைக் கீழே இறக்கிப் பற்றவைப்பது சாப். 1932 ஃபோர்டில் தூண்கள் கிட்டத்தட்ட நேராக நிற்பதால் வேலை எளிது. கூரையை மட்டும் தனி டிரேசிங் துண்டில் எடுத்து, கால் அங்குலம் கீழே இறக்கி வையுங்கள். முன் தூண் சற்றே சாய்ந்திருப்பதால் மேல்பாதிக்கும் கீழ்ப்பாதிக்கும் இடையே சிறு பிசகு தெரியும். அதைக் கோட்டால் சமன் செய்துவிடலாம். ஒரே காரை 2, 3, 4 அங்குலம் வெட்டி மூன்று படங்களாக வரைந்து அருகருகே ஒட்டிப் பாருங்கள். எந்த அளவில் கார் அழகாகிறது, எந்த அளவில் உள்ளே உட்காருகிறவர் நிமிர முடியாது என்பது கண்ணுக்குப் படும். ஜன்னல் எட்டிப் பார்க்கும் பிளவாகச் சுருங்கும்வரை வெட்டுவது தொடக்கக்காரர்களின் ஆசை. ஓட்டுநரின் தலையை மெல்லிய கோட்டில் உள்ளே வரைந்து வைத்துக்கொண்டால் அந்த ஆசை அடங்கும்.

1949, 50, 51 மெர்க்குரிகள்தான் உண்மையான பள்ளிக்கூடம். இவற்றின் கூரை உருண்டது. முன் கண்ணாடி நன்றாகச் சாய்ந்தது, பின் கண்ணாடி அதைவிட. தூண்கள் மேலே போகப் போக உட்பக்கமாகவும் சாய்கின்றன. இங்கே கூரையை நேராகக் கீழே இறக்கினால் எதுவும் எதோடும் பொருந்தாது. முன் தூணின் சாய்வுவழியே வழுக்கி இறக்கினால் முன்பக்கம் பொருந்தும், பின்பக்கம் இடம்மாறி நிற்கும். பட்டறையில் இதற்கு இரண்டு தீர்வுகள் உண்டு. கூரையை வெட்டிப் பிரித்து நடுவில் தகடு சேர்த்து நீட்டலாம். அல்லது தூண்களைப் படுக்கவைக்கலாம். பெரும்பாலும் இரண்டையும் கலந்தே செய்வார்கள். பின் கண்ணாடியை மேலும் சாய்த்து, கூரை டிக்கிவரை ஒரே ஓட்டமாக வழிந்து இறங்கும்படி ஆக்குவார்கள்.

இதற்கு இலக்கணமாகச் சொல்லப்படுவது சாம் பாரிஸ், ஜார்ஜ் பாரிஸ் சகோதரர்களின் பட்டறையில் 1952இல் பாப் ஹிரோஹாட்டாவுக்காக உருவான 1951 மெர்க்குரி. கூரையில் முன்பக்கம் 4 அங்குலமும் பின்பக்கம் 7 அங்குலமும் எடுத்தார்கள். இந்த 4, 7 வித்தியாசத்தைத் தாளில் செய்து பார்க்காமல் மேலே போகாதீர்கள். முன்னால் எட்டரை மில்லிமீட்டர், பின்னால் 15 மில்லிமீட்டர். முதலில் முன்னும் பின்னும் சமமாக 4 அங்குலம் எடுத்து ஒரு படம் வரையுங்கள். கூரை தொப்பி வைத்தது மாதிரி மேலே தனியாக உட்கார்ந்திருக்கும். பிறகு பின்பக்கத்தைக் கூடுதலாக இறக்கி வரையுங்கள். அதே கார் ஓடத் தொடங்கிவிடும். கூரையின் உச்சிப்புள்ளி எங்கே இருக்கிறது என்று இரண்டு படங்களிலும் குறித்துப் பாருங்கள்: இரண்டாவதில் அது முன்னால் நகர்ந்து, ஓட்டுநரின் தலைக்கு அருகே வந்திருக்கும். கதவுக்கும் பின் ஜன்னலுக்கும் இடையிலிருந்த தூணையும் அந்தக் காரில் நீக்கிவிட்டார்கள். அதனால் பக்கவாட்டில் ஜன்னல் திறப்பு ஒரே நீண்ட வடிவமாகிறது. அந்தத் திறப்பை ஒரு தனி வடிவமாக, கார் இல்லாமல், பத்துப் பதினைந்து முறை வரைந்து பழகுங்கள். மெர்க்குரியின் அழகில் பாதி அந்த வெற்றிடத்தின் வடிவத்தில் இருக்கிறது.

மற்ற வெட்டுகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். சட்டத்தின்மேல் இருக்கும் உடலைச் சட்டத்தைச் சுற்றிக் கீழே இறக்குவது சேனலிங். தாளில் சக்கரமும் சட்டமும் நகரக் கூடாது, உடல் மட்டும் இறங்க வேண்டும். உடலின் நடுவில் சுற்றிலும் ஒரு கிடைமட்டப் பட்டையை எடுத்துவிடுவது செக்‌ஷனிங். டிரேசிங் தாளைக் கத்திரிக்கோலால் உண்மையிலேயே வெட்டி ஒட்டிப் பழகினால் ஒரே நாளில் புரிந்துவிடும். ஹெட்லைட்டை மட்கார்டுக்குள் புதைத்து விளிம்பை உருட்டுவது ஃபிரெஞ்சிங். அங்கே குரோம் வளையத்தை வரையாதீர்கள், நிழலால் மட்டும் காட்டுங்கள்.

முக்கால் பார்வை

பக்கவாட்டில் கார் கைவந்த பிறகுதான் முன்பக்கமும் பக்கவாட்டும் சேர்ந்து தெரியும் முக்கால் பார்வைக்குப் போக வேண்டும். இங்கே பலரைக் கவிழ்ப்பது சக்கரம். நீள்வட்டத்தின் குறுகிய அச்சு, காரின் அச்சுத் தண்டின் திசையிலேயே இருக்க வேண்டும். டயர் செங்குத்தாக நிற்கிறதே என்று நீள்வட்டத்தைச் செங்குத்தாக நிறுத்தினால் சக்கரம் கழன்று விழுவது போலிருக்கும். இரண்டாவது விஷயம், பார்வைக்கு அருகே உள்ள முன் சக்கரம் சற்று உருண்டையாகவும், தொலைவில் உள்ள பின் சக்கரம் சற்று ஒடுங்கியும் தெரியும். இரண்டுக்கும் டெம்ப்ளேட்டில் ஒரே பாகையைப் பயன்படுத்தக் கூடாது. தினமும் வேலையைத் தொடங்குமுன் ஒரு தாள் நிறைய நீள்வட்டங்களைத் தோளிலிருந்து கையை வீசி வரையுங்கள். டெம்ப்ளேட் கடைசிக் கோட்டுக்கு மட்டும்.

பார்வைக் கோட்டைத் தாழ்வாக வையுங்கள். ஹெட்லைட் உயரத்தில் அடிவானம் இருந்தால் கூரையின் மேல்பரப்பு மறைந்து, வெட்டிய அளவு இன்னும் பலமாகத் தெரியும்.

உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்து வரைவதற்கு ரெக்ஸ் பர்னெட்டின் படங்களைத் தேடிப் பாருங்கள். 1948 ஜனவரியில் தொடங்கிய ‘ஹாட் ராட்’ பத்திரிகையில் அவர் காரின் தோலை உரித்து சட்டம், எஞ்சின், அச்சு எல்லாம் தெரியும் வெட்டுத்தோற்றப் படங்களை வரைந்தார். அவற்றைப் பார்த்த பிறகு வெளித்தோற்றம் வரைந்தாலும் எஞ்சின் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று உங்கள் கைக்குத் தெரியும்.

டிரக்குகள்

பிக்கப் டிரக்கைக் காராக நினைத்து வரையக் கூடாது. அது இரண்டு உடல்கள்: கேபின் ஒன்று, பின்னாலுள்ள சரக்குத் தொட்டி ஒன்று. இரண்டுக்கும் நடுவே ஓர் இடைவெளி உண்டு. அந்த இடைவெளியை ஒரு கறுப்புக் கோடாக முடித்துவிடாமல், அதற்குள் சட்டத்தின் நிழலையும் கொஞ்சம் காட்டினால் டிரக் நம்பும்படியாக இருக்கும். 1953 முதல் 1956 வரை வந்த ஃபோர்டு எஃப்-100 பயிற்சிக்கு மிகப் பொருத்தமானது. வீல்பேஸ் 110 அங்குலம். 1956இல் முன் கண்ணாடி பக்கங்களில் வளைந்து வந்ததால் முன் தூணின் தோற்றமே மாறியது. 1955, 1956 இரண்டையும் அருகருகே வரைந்தால் ஒரு தூண் முகத்தை எவ்வளவு மாற்றுகிறது என்று தெரியும். டிரக்கைத் தாழ்த்தும்போது மட்கார்டுக்கும் டயருக்கும் இடையிலான இடைவெளிதான் பேசும். அதை மட்டும் மாற்றி நான்கைந்து சிறு படங்கள் போடுங்கள். தொட்டியின் தரையில் மரப்பலகைகளும் அவற்றினிடையே உலோகப் பட்டைகளும் இருக்கும். அவை எல்லாம் ஒரே மறைபுள்ளிக்குப் போக வேண்டும்.

வரைபடம் எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு டியோரா என்ற டிரக்கைச் சொல்ல வேண்டும். எஞ்சின்மேலேயே கேபின் உட்கார்ந்திருக்கும் 1965 டாட்ஜ் ஏ100 டிரக்கை அடிப்படையாக வைத்து ஹாரி பிராட்லி வரைந்தார். டெட்ராய்ட்டின் அலெக்சாண்டர் சகோதரர்கள் கட்டினார்கள். பக்கக் கதவே கிடையாது. முன்முகம் திறக்க, அதன்வழியே ஏறவேண்டும். முன் கண்ணாடியாக வைத்தது 1960 ஃபோர்டு ஸ்டேஷன் வேகனின் பின் கண்ணாடி. 1967இல் கஸ்டம் கார்களுக்கான ரிட்லர் விருது பெற்றது. அடுத்த ஆண்டு வந்த முதல் ஹாட் வீல்ஸ் பொம்மைக் கார்களிலும் அது இடம்பிடித்தது. அந்தப் பொம்மைகளில் பெரும்பாலானவற்றை வடிவமைத்தவரும் பிராட்லிதான். வரைகிறவர் பட்டறையின் வேலையையும் தெரிந்தவராக இருந்தால், எந்தக் காரின் எந்தக் கண்ணாடி எங்கே பொருந்தும் என்று தாளிலேயே முடிவுசெய்ய முடியும். ஒரு பயிற்சி: நீங்கள் வரைந்த எஃப்-100க்கு வேறொரு காரின் கிரில்லையோ பின்விளக்கையோ பொருத்திப் பாருங்கள். எந்த ஆண்டு, எந்தக் கார் என்று ஓரத்தில் எழுதிவைக்க வேண்டும். பெயர் எழுத முடியாத, மனத்தில் தோன்றிய பாகத்தைச் சேர்க்காதீர்கள்.

குரோம், பெயிண்ட், தீ நாக்குகள்

குரோமுக்குச் சொந்த நிறம் இல்லை. மேல்பாதியில் வானம், கீழ்ப்பாதியில் தரை, நடுவில் அடிவானத்தின் கறுத்த பட்டை. பம்பரின் வளைவு எப்படியோ அப்படியே அந்தப் பட்டையும் வளையும், ஒடுங்கும், விரியும். சாம்பல் நிறத்தை மெல்லத் தேய்த்தால் குரோம் வராது, ஈயம்தான் வரும். வெள்ளைத் தாளும் அடர் கறுப்பும் பக்கத்தில் பக்கத்தில் நிற்க வேண்டும்.

கேண்டி பெயிண்ட் வேறு விதம். வெள்ளி அல்லது தங்கப் பூச்சின்மேல் ஒளி ஊடுருவும் நிறத்தை அடுக்கடுக்காக ஏற்றுவது அது. ஜோ பெய்லன் பெயரோடு சேர்த்துப் பேசப்படும் கேண்டி ஆப்பிள் சிவப்பு இந்த வகை. தாளிலும் அதே வரிசைதான்: முதலில் மஞ்சள் பென்சிலை மெல்லியதாகப் போட்டு, மேலே ஆரஞ்சு, பிறகு சிவப்பு, தகடு கண்ணை விட்டு வளைந்து விலகும் ஓரங்களில் மெரூன். ஒளி படும் இடத்தில் அடியிலுள்ள தங்கம் தெரிய வேண்டும். அங்கே வெள்ளை வைத்தால் அது சாதாரணச் சிவப்பாகிவிடும்.

தீ நாக்குகளை வரையுமுன் உடலின்மேல் குறுக்கு வளைவுக் கோடுகளை மெல்லியதாகப் போட்டுக்கொள்ளுங்கள். நாக்குகள் அந்த மேட்டிலும் பள்ளத்திலும் ஏறி இறங்கிப் பின்னோக்கிப் போக வேண்டும். இரண்டு நாக்குகளுக்கு நடுவேயுள்ள வெற்றிடம் கண்ணீர்த்துளி வடிவில் உருண்டு முடிய வேண்டும். ஆகவே நாக்கை வரையாதீர்கள், துளியை வரையுங்கள். நாக்கு தானாக வரும். இரண்டு நாக்குகள் ஒரே நீளத்தில் இருந்தால் ஒன்றை அழித்துவிட்டு மறுபடி போடுங்கள்.

நாக்குகளின் விளிம்பில் ஓடும் மெல்லிய பின்ஸ்டிரைப் கோடு கடைசி வேலை. வான் டச் என்ற பெயரில் புகழ்பெற்ற கென்னத் ஹோவர்ட் காரில் இதை எனாமலிலும் நீண்ட மயிர்த் தூரிகையிலும் இழுத்தார். தாளில் நன்றாகக் கூராக்கிய கடினமான வண்ணப் பென்சில் போதும். கோட்டைத் தொடங்குமுன் முடியும் புள்ளியில் கண்ணை வையுங்கள், பென்சில் முனையில் அல்ல. மணிக்கட்டை ஊன்றாமல், சுண்டுவிரல் நுனியைத் தாளில் சறுக்கவிட்டு, ஒரே மூச்சில் இழுங்கள். நடுவில் நின்று தொடர்ந்த இடம் கண்டிப்பாகத் தெரியும். அப்படி நின்றுவிட்டால் ஒட்டுப்போடப் பார்க்காமல், கீழே உள்ள தாள்களை அப்படியே வைத்துக்கொண்டு மேல் டிரேசிங் தாளை மட்டும் மாற்றி மறுபடி இழுங்கள்.